இருபத்திரண்டு கேஜ்

சறுக்குப் பலகையின் பாதி வழியில் சன்னாசியின் கால்சட்டை நின்றுவிட்டது. சன்னாசி மட்டும் தொடர்ந்து கீழே போனான்.

அதைப் பார்க்க பிள்ளைக்காம்பராவின் முற்றத்தில் நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றிருந்தார்கள். கொடகவெலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும் நேரத்தில் அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. யாரோ வெளிநாட்டுக்காரர்களின் உதவியில் அதற்குப் புது ஓடு, புதுத் தொட்டில், புதுக் கக்கூஸ் எல்லாம் வந்துவிட்டன. சறுக்குப் பலகை மட்டும் தோட்டத்தின் பங்கு. "அது சின்ன வேலைங்க துரை" என்று தோட்டத்து மேனேஜர் முன்னால் கையைத் தூக்கி அந்தப் பங்கைத் தன் தலையில் போட்டுக்கொண்டவன் சன்னாசி.

அவன் ஃபிட்டர் இல்லை. பதினொரு வருஷமாக ஃபாக்டரியில் ஃபிட்டருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுப்பவன். உண்மையான ஃபிட்டர் சோமே பாஸ், மகள் கல்யாணத்துக்கு எம்பிலிப்பிட்டியாவுக்குப் போய்விட்டார். அந்த இடைவெளியில் ஃபிட்டராகிவிட்ட சன்னாசி, இரண்டு அல்பீசியாப் பலகைகளைச் சேர்த்து, மேலே பளபளக்கும் தகட்டை விரித்து, இருபத்துநாலு திருகாணிகளால் இறுக்கினான். ஒவ்வொரு ஆணியின் தலையும் குட்டிக் குன்று மாதிரி தகட்டுக்கு மேலே நின்றது. அது அழகாகத்தான் இருந்தது. அழகைச் சோதித்துக் காட்ட அவனே ஏறி உட்கார்ந்தான். ஒன்பதாவது குன்று பிடித்துக்கொண்டது.

"சன்னாசியண்ணே, இன்னொரு வாட்டி போய்க் காட்டுங்க! பின்னால நின்னவங்களுக்குச் சரியாத் தெரியல!" என்று கத்தினாள் அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அன்னலட்சுமி.

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் சன்னாசிதான். அது அவன் வழக்கம்; மற்றவர்கள் சிரிப்பதற்குள் தானே சிரித்து முடித்துவிட்டால் பாதி வெட்கம் குறைந்துவிடும் என்பது அவன் கணக்கு. இடது பக்கத்தில் நாலு அங்குலக் கீறல். தோட்டத்து டிஸ்பென்சர் மருந்து போட்டு, வலது பக்கத்தில் ஊசி குத்தி, "இப்ப ரெண்டு பக்கமும் சமன்" என்று அனுப்பிவைத்தார்.

வீட்டில் குப்புறப் படுத்திருந்தவனின் பக்கத்தில் மூன்று வயது மகள் தர்மிளா வந்து குந்தினாள். கட்டின் மேல் விரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக ஓட்டினாள்.

"அப்பா, நான் சறுக்குனா எனக்கும் இவ்ளோ பெருசா வருமா?"

"ஒனக்கு எங்க இவ்ளோ பெருசு வரும்? ஒன் காலே இவ்ளோதான் இருக்கு."

வேடிக்கையாகத்தான் சொன்னான். சொன்ன பிறகு திரும்பி அந்தக் காலைப் பார்த்தான். இடுப்பிலிருந்து முழங்கால்வரை ஒரு சாண் இருந்தால் அதிகம்; நாலு அங்குலம் அதில் பாதி. அதற்குப் பிறகு அன்று அவன் யாரையும் சிரிக்கவைக்கவில்லை. "ஊசி வேல செய்யுது போல" என்றாள் மனைவி விஜயகலா.

ஞாயிற்றுக்கிழமை அவன் வேலையைத் திருத்தினான். தலை மேலே நிற்பதுதானே குற்றம்? மேலே சப்பையாகவும் கீழே கூம்பாகவும் இருக்கும் ஆணிகளை ஸ்டோரிலிருந்து எடுத்துவந்தான். அந்தக் கூம்பு உட்காரத் துளையின் வாயில் ஒரு குழி வேண்டும். அரை அங்குல ட்ரில் பிட்டைத் துளைக்குத் துளை வைத்து ஒரு அழுத்து அழுத்தினான். கிறீச்சென்று ஒரு சத்தம், குழி தயார். ஆணிகள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டன. மேலே பட்டி பூசி, உரசி, வெள்ளிப் பெயின்ட் அடித்ததும் ஆணி எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை துரை வந்து, மேலிருந்து கீழ்வரை உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தார். பிறகு பட்டுக் கைக்குட்டை ஒன்றை எடுத்து ஓட்டினார். ஒரு நூல்கூடப் பிடிபடவில்லை.

"நல்ல வேலை சன்னாசி. தகடு எத்தனை கேஜ்?"

"பதினாறுங்க துரை. யானை சறுக்கினாலும் தாங்கும்."

திட்டத் தாளில் பதினாறு என்றுதான் எழுதியிருந்தது. ஸ்டோரில் இருந்ததோ இருபத்திரண்டு. கேஜ் ஏற ஏறத் தகடு மெலியும். பதினாறு என்பது சட்டிக் கனம், இருபத்திரண்டு பிஸ்கட் டின்னைவிடக் கொஞ்சம் மேல், ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. அதைச் சொல்ல வேண்டிய நாளில் சொல்லாமல் விட்டவன், யானையை வேறு இழுத்துவிட்டான்.

"வெள்ளிக்கிழமை திறப்பு. வெளிநாட்டு ஆக்கள் வருவாங்க. நீங்க செஞ்சதால, முதல்ல ஒங்க மக போகட்டும்" என்றார் துரை. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். சன்னாசியும் தட்டினான்.

அன்று பின்னேரமே அந்தக் கைதட்டல் நெஞ்சில் ஆணியாகக் குத்தத் தொடங்கியது. வேலைக்கு முன் பழகிப் பார்த்த ஒரு துண்டுத் தகடு, பலகையோடு சேர்ந்து பட்டறை மூலையில் கிடந்தது. அதிலும் ஒரே ஒரு ஆணி, அதே மாதிரிக் குழியில், அதே மாதிரி அழகாகப் படுத்திருந்தது. அதைத் தூக்கி வீட்டில் தண்ணீர்ப் பீப்பாய்க்கு மூடியாக்கலாம் என்று நினைத்து, பலகைக்கு வெளியே நீட்டியிருந்த தகட்டின் ஓரத்தில் முழங்காலை வைத்து அழுத்தினான். டொக்கென்று ஒரு சின்னச் சத்தம். ஆணி பலகையிலேயே இருந்தது. தகடு அதன் தலையைத் தாண்டி மேலே வந்துவிட்டது.

துளையின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினான். வலி ஒன்றும் இல்லை. கையை எடுத்துப் பார்த்தபோதுதான் ரத்தம் கோடாக நின்றது.

வலித்து வெட்டுவதற்கு மனிதன் பயப்படத் தேவையில்லை, கையை இழுத்துக்கொள்வான். வலிக்காமல் வெட்டுகிற விளிம்பு அது. அப்படி இருபத்துநாலு, வெள்ளிப் பெயின்டுக்குக் கீழே, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தன. வெயில் அடித்துத் தகடு விரிய வேண்டும், ஒரு பிள்ளை நடுவில் உட்கார்ந்து ஓரத்தைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான்.

பிள்ளைக்காம்பராவுக்கு ஓடினான். வெள்ளிக்கிழமைவரை யாரும் ஏறக் கூடாது என்று சறுக்கலைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் எட்டுப் பிள்ளைகள் வரிசையாக, வாயில் விரல் போட்டபடி நின்றிருந்தார்கள்.

"அன்னலட்சுமி, யாரையும் கிட்ட விட்றாதீங்க. பெயின்ட் காயல."

"நேத்தே காஞ்சிருச்சே? நான் தொட்டுப் பாத்தேன்."

"தொட்டீங்களா? எங்க, கையக் காட்டுங்க!"

அன்னலட்சுமி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "என்னா சன்னாசியண்ணே, ரேகை பாக்கப் போறீங்களா?"

அவன் ஏணியைக் கழற்றி ஃபாக்டரிக்குத் தூக்கிக்கொண்டு போனான். பெயின்ட் அடிக்க என்று பொய். ஏணி இல்லாவிட்டால் பிள்ளைகள் சறுக்குகிற பக்கமாகவே ஏறுவார்கள் என்பது பாதி வழியில்தான் உறைத்தது. திரும்பிப் போய், கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

பிழை தகட்டில் இல்லை, பிட்டில்தான் என்று அன்று அவன் முடிவுக்கு வந்தான். கருவி சரியில்லை என்பது, கருவியைப் பிடித்த கைக்கு எப்போதுமே பிடித்த விளக்கம். குழி வெட்டுவதற்கென்றே தனியாகக் கூம்புப் பிட் இருக்கிறது என்று சோமே பாஸ் சொல்லிக் கேட்டிருந்தான். அதை வாங்கி இருபத்துநாலையும் மறுபடி ஒழுங்காக வெட்டிவிட்டால் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் இரத்தினபுரிக்குப் போனான். ஹார்ட்வெயார் கடை நிலாம், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மூன்று கருவிகளைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார். அவர் பேச்சில் "இருக்கு" என்பது "ஈக்கி", "சொல்லு" என்பது "செல்லு".

"இது ஆறு பல்லு. மரத்துல நல்லாப் போகும். தகட்டுல வெச்சா நடுங்கும், குழி பூப் பூவா வரும். இந்தா, இதுல பல்லே இல்ல, கூம்புல சரிவா ஒரு ஓட்டை மட்டும் ஈக்கி. ஒரே வாயால சீவும், நடுங்காது. இது மூணாவது, சுத்தி வளையம் போட்டது. எவ்வளவு ஆழம்னு திருகி வெச்சா அதுக்கு மேல எறங்காது. வெலையக் கேட்டா நீங்க எறங்கிருவீங்க."

"எது நல்லது நானா?" முஸ்லிம் கடைக்காரர்களை அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"எல்லாம் நல்லதுதான் தம்பி. கெட்டத நான் ஏன் விக்கிறேன்?"

"தகட்டுக்கு."

"ஆணியக் காட்டுங்க." சன்னாசி சட்டைப் பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்துக் கொடுத்தான். நிலாம் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் திருப்பினார். "இது தொண்ணூறு பாகை. அமெரிக்கன் ஆணின்னா சாய்வு கொஞ்சம் ஒடுக்கம், எண்பத்திரண்டு. ஆணி ஒண்ணு, குழி ஒண்ணாப் போனா தலை விளிம்புல மட்டும்தான் ஒக்காரும். ஆட்டம் குடுக்கும். அதப் பாத்து எடுக்கணும். தகடு எத்தின கேஜ்?"

கடையில் இன்னும் நாலு பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேரும் பிறவி ஃபிட்டர்கள் போலத் தெரிந்தார்கள்.

"பதினாறு" என்றான் சன்னாசி.

"பதினாறுதானே?"

"பதினாறுதான்."

"அதுக்கே இந்தத் தலை கூட. ஆணியச் சின்னதாக்கிக்கோங்க. ஓட்டைக் கூம்பு சரியா வரும். அதுக்கும் மெலிசுன்னா செல்லுங்க, அது வேற கதை."

அந்த வேறு கதை என்ன என்ற கேள்வி சன்னாசியின் நாக்கு நுனிவரை வந்தது. வந்து, பின்னால் நின்றவனின் பார்வையைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. ஓட்டைக் கூம்பை வாங்கி, பில் காகிதத்திலேயே சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சுண்டுவிரல் பருமன், நுனி கூர், உடம்பு பளபளப்பு.

எதைப் போல இருக்கிறது என்பது, திரும்பும் வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதனைக்கு இறங்கச் சொன்னபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. இரண்டாயிரத்து ஏழு, இலங்கையில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் வைத்திருந்தவர்கள் வரிசையில் நிற்கும்போது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்த வருஷம். ராணுவ இளைஞன் பையைத் தடவி, காகிதத்தை எடுத்துப் பிரித்தான். உள்ளங்கையில் அது வெயிலில் மின்னியது. துப்பாக்கிக் குண்டேதான்.

"மேக மொகக்த?" இது என்ன?

சன்னாசிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அன்று அந்தத் தண்ணீர் வற்றிவிட்டது. பிள்ளைகள் சறுக்குவதற்கு, தகட்டில் குழி, ஆணித் தலை, வெள்ளிக்கிழமை என்று கையிலும் காலிலுமாக விளக்கினான். தான் சறுக்கியதையும் கால்சட்டை நின்றதையும்கூடச் சொன்னான். பயத்தில் திரும்பி நின்று இடத்தையும் காட்டப் போனான். வரிசையில் யாரோ இருமினார்கள்.

இளைஞன் சிரிக்கவில்லை. கூம்பை விரலால் உருட்டிப் பார்த்தான். வண்டிகளுக்கு உடம்பு கட்டும் பட்டறையில் கொஞ்ச நாள் இருந்திருப்பான் போல. நுனியை விட்டுவிட்டு நேரே வெட்டு வாயைத்தான் தடவினான். தகடு எத்தனை கேஜ் என்று கேட்டான்.

துப்பாக்கிக்கு முன்னால் யானை வரவில்லை. "இருபத்திரண்டு" என்றான் சன்னாசி. அந்த எண்ணை அவன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

இளைஞன் நிமிர்ந்து பார்த்தான். "விசி தெகக்?" என்று அதையே சிங்களத்தில் திருப்பிக் கேட்டான். பிறகு மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு. தலையை இரண்டு தடவை ஆட்டினான். கூம்பைக் காகிதத்தில் சுற்றிக் கையில் வைத்து, "ஹரி, யன்ன", சரி, போ என்று அனுப்பிவிட்டு அடுத்த ஆளிடம் போனான்.

தப்பித்தோம் என்று மற்றவர்கள் பஸ்ஸில் மூச்சுவிட்டார்கள். சன்னாசி காகிதத்தைப் பிரித்துக் கூம்பை மறுபடி பார்த்தான். துப்பாக்கியைவிட அந்தத் தலையாட்டல் மோசமாக இருந்தது. ஏன் சிரித்தான்? இறங்கிப் போய்க் கேட்க முடியுமா?

புதன்கிழமை பட்டறையில் துண்டுத் தகட்டைப் பலகையில் வைத்து, புதுத் துளை ஒன்று போட்டு, கூம்பை இறக்கினான். நிலாம் சொன்னது பொய்யில்லை. நடுக்கமே கிடையாது, தலைமுடி போலச் சுருள் சுருளாகச் சீவி வந்தது. அவன் மனம் குளிர்ந்து, இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினான். கீழே மரத்தூள் வந்தது. ஆணித் தலை முழுதாக உட்காரும் ஆழம் வருவதற்குள் தகடு முடிந்துவிட்டது. தலை மூன்று மில்லி, தகடு ஒன்றுக்கும் குறைவு. மிஞ்சியது தலையளவுக்கு அகன்ற ஒரு ஓட்டையும், அதைச் சுற்றி ஒரு பளபளப்பான வளையமும்.

ஆணியைப் போட்டு முழங்காலை வைத்தான். டொக். முந்தியது அரிவாள் என்றால், இது சவரக்கத்தி.

அதற்குப் பிறகு அவன் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். யாராவது ஒருவர், ஒரே வார்த்தையில், ஆகாது என்று சொல்லிவிட்டால் நேரே துரையின் ஆபீசுக்குப் போய்விடுவான். சத்தியமாகப் போய்விடுவான். யாரும் அதைச் சொல்லவில்லை என்பதுதான் அவன் கையில் இருந்த ஒரே கைப்பிடி. அதை விடவும் பயமாக இருந்தது, பிடித்திருக்கவும் பயமாக இருந்தது.

டிஸ்பென்சரிடம் கேட்டான்: "தகடு வெட்டுனா சின்னப் புள்ளைங்களுக்குச் சீக்கிரம் ஆறிருமாங்கய்யா?"

"ஊசியிருக்கு, நீ பயப்புடாத" என்றார் அவர்.

துரையிடம் கேட்டான்: "துரை, ஒரு பேச்சுக்கு, தகடு கொஞ்சம் மெலிசா இருந்திச்சின்னா..."

"சன்னாசி, கதை வேணாம். வெள்ளிக்கிழமை ரெடியா, இல்லையா?"

"ரெடிங்க துரை."

விஜயகலாவிடம் கேட்டான்: "நாளன்னைக்கிப் புள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டா என்னா?"

அவள் சட்டி கழுவுவதை நிறுத்தினாள். "அவளுக்குப் புதுச் சட்ட எடுத்து வெச்சிருக்கேன். மூணு நாளா அத மடிச்சு மடிச்சு வெக்கிறா. காய்ச்சல் ஒங்களுக்குத்தான். என்னாங்க நடந்திச்சி?"

"ஒண்ணுமில்ல."

தன் மகளுக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த பிள்ளை முதலில் ஏறும். இதுவும் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. அவனுக்கு எல்லாமே கொஞ்சம் கழித்துத்தான் உறைக்கும். அடுத்த பிள்ளை யார் என்று தன்னை அறியாமலே யோசித்தான்; கயிற்றோரம் நின்ற எட்டு முகங்களும் ஒவ்வொன்றாக வந்தன.

வியாழக்கிழமை மத்தியானம் பிள்ளைக்காம்பராவில் பலூன் கட்டிக்கொண்டிருந்தார்கள். சறுக்கலுக்குச் சிவப்பு ரிப்பன். தர்மிளா அப்பாவைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அப்பா, நான் கண்ண மூடிக்கிட்டுப் போகவா, தொறந்துகிட்டுப் போகவா?"

அவன் அவளைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தினான். சறுக்கலின் பக்கத்தில் குனிந்து, தகட்டின் நடுவில் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்தினான். நல்ல வெயில். ஓரத்தில் ஒரு ஆணியின் மேலிருந்த பெயின்ட் முடிக்கனத்துக்கு வட்டமாக வெடித்தது. கையை எடுத்தான். வெடிப்பு மூடிக்கொண்டது. ஒன்றுமே நடக்காதது போல வெள்ளி மின்னியது.

தோட்டத்துக் கடையில் டெலிபோன் இருந்தது. அதன் ஜன்னலிலிருந்து பார்த்தால், றோட்டுக்கு அந்தப் பக்கம் துரையின் ஆபீஸ். சன்னாசி, கூம்பு சுற்றியிருந்த பில்லைப் பிரித்து, நிலாமின் கடை நம்பரைச் சுழற்றினான்.

"நானா, செவ்வாக்கிழம ஓட்டைக் கூம்பு வாங்குனேனே, கொடகவெலப் பக்கம்..."

"ஓ, பதினாறு கேஜ் தம்பி! என்ன, நடுங்குதா?"

"கூம்பு நடுங்கல நானா. நான்தான்." கடையில் சீனி வாங்க நின்ற இரண்டு பேர் திரும்பினார்கள். திரும்பட்டும். "தகடு பதினாறு இல்ல. இருபத்திரண்டு. பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"கீழ என்ன ஈக்கி?"

"மரம். அல்பீசியா."

"அப்ப தகட்டுல கூம்பே வெக்கப்படாது தம்பி. அத வெட்டுறதுக்கு அதுல சதையே இல்ல. தகட்டுல ஆணிக்கம்பி போற சின்ன ஓட்டை மட்டும் போடுங்க. தகட்டத் தூக்கிட்டு, கூம்ப மரத்துல வைங்க. குழி மரத்துல. பொறகு தகட்டப் போட்டு ஆணிய முறுக்குங்க. தலை போகக்குள்ள தகட்டையும் சேத்து அந்தக் குழிக்குள்ள இழுத்து அமுக்கிக்கும். வெட்டு இல்ல, மடிப்பு மட்டும்தான். தலையும் பதிஞ்சிரும், தகடும் கழராது."

"ஏற்கெனவே வெட்டுன ஓட்டை?"

"எத்தின?"

"இருபத்துநாலு. பட்டி வெச்சுப் பெயின்டும் அடிச்சிட்டேன்."

"அந்தத் தகட்டக் கழட்டி எறிங்க. புதுத் தகடு போடுங்க."

"நானா, நாளைக்கிக் காலம்பற திறப்பு. பெரிய ஆக்கள் வர்றாங்க. துரைகிட்ட யானை தாங்கும்னு சொல்லியிருக்கேன். நாளைக்கி ஒரு நாளைக்கி மட்டும்..."

"நாளைக்கி யாரு அதுல ஏறுறது?"

"முதல்ல என் மக. மூணு வயசு."

"நீங்க வெச்ச தகட்டுல நீங்களே ஒங்கட புள்ளைய ஏத்துவீங்களா?"

"கேள்விக்குக் கேள்வி வேணாம் நானா. ஒங்களக் கும்புடுறேன். ரெண்டு நாளா எல்லாருகிட்டயும் கேட்டுட்டேன், ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க." ஜன்னலுக்கு வெளியே ஆபீஸ் கதவு திறந்திருந்தது. துரையின் ஜீப் வாசலிலேயே நின்றது. "புள்ள ஒக்காந்தா கிழிக்குமா, கிழிக்காதா?"

"கிழிக்கும்" என்றார் நிலாம்.